நானம் மோனமும் எழுத்துக் கூட்டலும்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையைச் சார்ந்த கோட்டைப் பகுதியில் கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம் உள்ளது. அங்குள்ள ஓலைகள் ஒரு கோடிக்கு மேற்பட்டவை என்பர். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களை உள்ளிட்ட இத்தொகுதியின் ஒரு பகுதி, 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகிய எழுத்துகளின் வடிவ வரலாறு பலரால் ஆராயப்பட்டுள்ளது. அவ்வெழுத்துகளைச் சிறார் எவ்வாறு படிக்கக் கற்றனர் என்பது அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. அதற்கான சான்று வட்டெழுத்தின் பெயர் ஒன்றிலேயே பொதிந்துள்ளது.

தென் திருவிதாங்கூரில் வட்டெழுத்துக்கு 'நானம் மோனம்' என்றொரு பெயர் வழங்கியது. எழுத்தறிவிக்கும்போது 'நமோஸ்து' என்னும் வணக்கத் தொடரை முதலில் சொல்லி, அதனை 'நானா, மோனா, இத்தன்னா, துவ' எனக் கூட்டிப் படித்தமையால் இப்பெயர் உண்டாயிற்று என்று கல்வெட்டறிஞர் விளக்குவர். இவ்விளக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. தொடர் வடமொழி, கூட்டலோ தமிழ். வட்டெழுத்தில் ஸகரம் இல்லை. ஆதலின் ஆசான் 'நமோத்து' என்றே தொடரைப் பகுத்துள்ளார். ஸகர மெய் நின்ற இடத்தில் தகர மெய் 'இத்' என ஒலிக்கப்படுகிறது. செவிவழி அறிந்த ஒரு சொல்லைத் தம் எழுத்தின் எல்லைக்குள் கொணர்ந்து, பகுத்து, மீண்டும் கூட்டும் பயிற்சியே இது எனலாம்.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்னும் தெளிவு தமிழ் மரபில் மிகப் பழையது. தொல்காப்பியப் புணரியல் காரம், கரம், கான் என்பவற்றை எழுத்துச் சாரியைகளாகக் கூறி, நெட்டெழுத்துக்குக் கரமும் கானும் இல்லை என வரையறுக்கிறது. திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய 'ஆனா, ஆவன்னா' என்பனவும் இவ்வகைப் பெயர்களே. ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. குறிலாகிய அகரத்தின் பெயர் நெடிலில் தொடங்குகிறது. பெயரையே ஒலியாகக் கொள்ளும் சிறுவன் 'அரம்' என்பதை 'ஆரம்' எனப் படித்துவிடக்கூடும்.

மெய்யெழுத்தில் நிலைமை வேறு. மெய் தனித்து ஒலிக்க இயலாது. மொழிமரபு அதன் இயக்கத்துக்கு அகரத்தைத் துணையாக்குகிறது. பள்ளி வழக்கோ முன்னே ஓர் இகரத்தை நிறுத்தி 'இக், இங், இச்' என்கிறது. நானம் மோனத்து 'இத்' இதற்கு இனமானது. இவ்வாறு இகரம் முன் நிற்பதால் மெய்யின் இறுதி தூயதாக நிற்கிறது. 'அ, இம், மா' என்று கூட்டும் குழந்தை இகரத்தை மட்டும் நீக்கினால் 'அம்மா' கிடைத்துவிடும்.

ஆங்கிலத்தை ஒலிவழிக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் முறை எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. எழுத்துப் பெயர் கொண்டு 'சி, ஏ, டி' எனக் கூட்டும் குழந்தைக்குக் 'கேட்' என்னும் ஒலி எளிதில் கிட்டுவதில்லை. பெயரை விடுத்து ஒலியைச் சொல்லப் புகுந்தால் மெய்க்குப் பின்னே ஓர் உயிர் ஒட்டிக்கொள்கிறது. இங்கிலாந்தில் 2006இல் வெளிவந்த ரோஸ் அறிக்கை இம்முறையை வலியுறுத்தியது. 2012 முதல் அந்நாட்டில் முதலாண்டுச் சிறார்க்கு ஒலிவழித் தேர்வும் நடத்தப்படுகிறது. ஓரெழுத்துக்குப் பல ஒலியும் ஓரொலிக்குப் பல எழுத்தும் உடைய மொழிக்கு அம்முறை தேவையாயிற்று.

இதனைக் கொண்டு ஃபோனிக்ஸ் நம்மிடம் முன்பே இருந்தது என உரிமை கொண்டாடுவது பொருந்தாது. பிற்கால வட்டெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்டப்பெறவில்லை. பகர வகரங்கள் வடிவில் நெருங்கின. எழுத்தைக் கூட்டுவதால் மட்டும் இவற்றைப் படிக்க இயலாது. சொல்லை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். சிறுவன் அறிந்த தொடரிலிருந்து பாடம் தொடங்கியதற்கு வழிபாட்டு மரபோடு இத்தேவையும் காரணமாகலாம்.

சென்னையில் 1789 முதல் இராணுவ அனாதை விடுதியை மேற்பார்வையிட்ட ஆண்ட்ரு பெல், உள்ளூர்ச் சிறார் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். 1797இல் இலண்டனில் தம் சோதனையை நூலாக்கினார். அவர் கொண்டுசென்றவை மணலும் சட்டாம்பிள்ளை முறையும். எழுத்துக் கூட்டும் முறை இங்கேயே நின்றது. திருவிதாங்கூரில் 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் மக்கள் கல்விச் செலவை அரசு ஏற்கும் என நீட்டு விடுத்தார். திருவனந்தபுரத்தில் 1834இல் தோன்றிய ஆங்கிலப் பள்ளி 1836இல் அரசின் இலவசப் பள்ளியாயிற்று. ஆங்கில எழுத்துப் பெயர்கள் ஒரு புறமும் ஆசானின் மணலெழுத்து மறு புறமுமாக இருவகைக் கூட்டல்கள் ஒரே நகரில் வழங்கலாயின.

இன்று வட்டெழுத்துப் பயில்வோர் அட்டவணையில் வடிவங்களை ஒப்பிட்டே கற்கின்றனர். பகரமோ வகரமோ என ஐயுறும் இடத்தில் வடிவத்தையே மீண்டும் மீண்டும் நோக்குகின்றனர். ஓலையை எழுதிய கணக்கருக்கோ அந்த ஐயம் கண்ணால் தீர்ந்ததன்று. வாய்விட்டுக் கூட்டிப் பார்த்த செவியால் தீர்ந்தது.