நீலகிரியின் இரு நதிகள்

மந்திர் மார்க்கில் வாழும் தமிழன்பர்களுக்குப் பக்ரா அணையின் பெயர் புதிதன்று. 1963ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற அவ்வணையின் மின்சாரம் தில்லிக்கும் வந்தது. அதன் நீர்த்தேக்கத்திலோ சட்லெஜ் கரையிலிருந்த பழைய பிலாஸ்பூர் நகரம் மூழ்கிற்று. நம் தாயகத்து நீலகிரியிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு.

பைக்காரா மின் நிலையம் 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 அடி வீழ்ந்து பாயும் மலைநீர் சிங்காராவில் விசைச்சக்கரங்களைச் சுழற்றிற்று. கோயம்புத்தூரில் நூலாலைகள் பெருகின. கிணறுகளில் மின்பம்புகள் நீர் இறைத்தன. இந்நன்மையை மறுப்பார் இலர்.

ஆனால், அம்மலையில் எருமை வளர்த்து வாழும் தோடர்களுக்குப் பைக்காராவும் அவலாஞ்சியும் வெறும் ஆறுகள் அல்ல, தெய்வங்கள். அவற்றைக் கடக்குங்கால் தோடர் வலக்கையைப் போர்வையினின்று வெளியே எடுத்து மரியாதை செலுத்துவர் என்று, ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1906ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குறித்துள்ளார்.

அடுத்து வந்தது குந்தா திட்டம். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு இதற்கு உதவிற்று. 1960களில் அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி நீர்த்தேக்கங்கள் உருவாயின. புல்வெளிகளும் சோலைகளும் நீருள் மறைந்தன. எஞ்சிய புல்வெளிகளில் பெரும்பகுதியைச் சீகை மரமும் கற்பூர மரமும் கவர்ந்துகொண்டன. தோடருக்குப் பால்மனையே கோயில். புல் குறையின் எருமை குறையும். எருமை குறையின் அக்கோயிலின் வழிபாடும் குன்றும். ஆகவே அவர்கள் இழந்தது மேய்ச்சல் நிலம் மட்டுமன்று.

உதவிபுரிந்த கனடாவிலேயே பின்னர் இவ்வழக்கு எழுந்தது. 1971ஆம் ஆண்டு கியூபெக் மாகாண அரசு ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தது. ஆங்கே வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த கிரீ மக்கள் நீதிமன்றம் ஏகினர். 1973ஆம் ஆண்டு பிறந்த தடையாணை ஒரு வாரத்துள் விலக்கப்பட்டது. எனினும் 1975ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. இழப்பீடும் வேட்டை உரிமையும் அதில் எழுதப்பட்டன. அணை நிற்கவில்லை, ஆயினும் அம்மண்ணின் மக்களைக் கேட்டே கணக்கு முடிக்கவேண்டும் என்பது ஏற்கப்பட்டது.

இந்தியாவில் பழங்குடியினரின் மேய்ச்சல் உரிமையை ஏற்ற வன உரிமைச் சட்டம் 2006ஆம் ஆண்டுதான் இயற்றப்பட்டது. குந்தாவின் நீர்த்தேக்கங்கள் அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்பே நிரம்பிவிட்டன. விடுமுறையில் உதகை செல்லும் அன்பர்கள் பைக்காரா ஏரியில் படகேறும்போது, தாம் ஒரு தெய்வத்தின்மீது செல்கின்றோம் என்று தோடர் எண்ணக்கூடும் என்பதை நினைவிற் கொள்வாராக.