மடிக்கணினி: வெப்பமும் செயல்திறனும்

மடிக்கணினியின் செயலி பெறும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைப் பொறுத்தே அதன் செயல்திறன் அமையும். இரண்டு செ.மீ. தடிமனுள்ள பெட்டிக்குள் பெரிய விசிறிக்கோ உலோகத் தகடுகளுக்கோ இடமில்லை. ஆகவே உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அப்பெட்டியால் எத்தனை வாட் வெப்பத்தைத் தொடர்ந்து வெளியேற்ற முடியும் என்பதே முதற்கணக்கு.

அடிப்படை

செயலியின் மின்நுகர்வு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் 10% வீதம் குறைத்தால் நுகர்வு ஏறத்தாழ 27% குறையும். 2003-இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் எம் இந்த வழியைப் பின்பற்றியது. வேக எண்ணில் பென்டியம் 4-ஐ விடப் பின்தங்கியிருந்தாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் வேலையை முடித்ததால் குறைந்த வெப்பத்தில் அதற்கு ஈடுகொடுத்தது.

இன்டெல் செயலிகள் பலவற்றில் வெப்பநிலை 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2018-இல் கோர் ஐ9 பொருத்தி வந்த மேக்புக் ப்ரோ, நீண்ட வேலைகளின்போது வெகுவாக வேகமிழந்தது. ஆப்பிள் அதே ஆண்டு ஜூலையில் மென்பொருள் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

உறுப்புகள்

செயலி: இன்டெல் பெயர்களின் இறுதியில் வரும் ‘யூ’ பொதுவாக 15 வாட் வகையையும், ‘எச்’ 45 வாட் வகையையும் குறிக்கும். இவை அடிப்படை அளவுகளே. கோர் ஐ7-12700எச் குறுகிய நேரத்துக்கு 115 வாட் வரை எடுக்கும். மெல்லிய பெட்டியில் அந்த உச்சம் நீடிப்பதில்லை.

வரைகலைச் செயலி: ஒரே பெயரில் விற்கப்படுபவையும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060-இன் மடிக்கணினி வடிவத்துக்கு 35 முதல் 115 வாட் வரை ஒதுக்க, தயாரிப்பாளருக்கு இடமுண்டு. தனி வரைகலைச் செயலி தேவையா என்பதை வேலையே முடிவுசெய்யும்.

நினைவகம்: இதன் வெப்பம் சிறிது, பயன் பெரிது. செயலியோடு இணைந்த வரைகலையை நம்பும் கணினியில், ஒரே பட்டையை விட இரண்டு பட்டைகள் கூடுதல் வேகம் தரும்.

சேமிப்பகம்: என்விஎம்இ எஸ்எஸ்டி, பெரிய கோப்புகளை நீண்ட நேரம் எழுதும்போது சூடாகி வேகம் குறையும். அன்றாட வேலைக்கு நடுத்தர வேகமே போதும்.

குளிர்விப்பு: செப்பு வெப்பக்குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர், செயலியருகே ஆவியாகி, தகடுகளருகே குளிர்ந்து திரும்புகிறது. குறைந்த மின்சாரமே எடுக்கும் எம்1 செயலி கொண்ட, 2020-இன் ஆப்பிள் மேக்புக் ஏர் விசிறியே இன்றி வந்தது. செயலிக்கும் வெப்பக்குழாய்க்கும் இடையே சில கணினிகளில் இடப்படும் திரவ உலோகப் பூச்சிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அதைச் செப்புப் பரப்புகளிலேயே பூசுகின்றனர்.

பயனுக்கேற்ற தேர்வு

எழுத்து, இணையம், பாடக் காணொளி ஆகியவற்றுக்கு 15 வாட் செயலியும் இணைந்த வரைகலையும் போதும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பயன்பெற்ற மாணவர்களின் தேவையும் பெரும்பாலும் இத்தகையதே. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு போன்ற நீண்ட வேலைகளுக்கு 45 வாட் செயலியும், இரட்டை விசிறியும், சற்றுக் கனத்த பெட்டியும் வேண்டும். வலிமை மிக்க செயலியை மெல்லிய பெட்டியில் வாங்குபவர், பயன்படுத்த முடியாத வேகத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்.

உயரத்தின் விளைவு: கொல்லிமலை

விசிறி தள்ளும் காற்றின் அடர்த்தியும் குளிர்விப்பைத் தீர்மானிக்கிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையில் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்துள்ளது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறிச் செல்லும்போது காற்று மெலிகிறது. உயரத்தில் 1000 மீட்டர் கூடினால் அடர்த்தி ஏறத்தாழ 9% குறையும் என்பது திட்ட வளிமண்டலக் கணக்கு. அதே வேகத்தில் சுழலும் விசிறி அந்த அளவுக்குக் குறைவான காற்றையே தகடுகளின் வழியே அனுப்பும்.

ஆனால் அதே கணக்கின்படி வெப்பநிலையும் 6.5 பாகை இறங்குகிறது. சுற்றுக்காற்றை விட 60 பாகை கூடுதலாகச் சூடாகும் செயலிக்கு, மெலிந்த காற்றால் ஏறுவது அதிகபட்சம் ஆறு பாகை அளவே. ஆக, மலைக்காற்றின் குளிர்ச்சி அதன் மெலிவை ஈடுகட்டிவிடுகிறது. கொல்லிமலை மேலுள்ள செம்மேட்டில் இயங்கும் மடிக்கணினி, கோடையில் நாமக்கல் சமவெளியில் இயங்குவதை விடச் சூடாக இருக்கக் காரணமில்லை. மலையில் கவனிக்க வேண்டியது ஈரம்: மூடுபனி நாட்களில் திறந்த சன்னலருகே குளிர்ந்து கிடந்த கணினியின் உள்ளே நீர் படியலாம். அறையின் சூட்டுக்கு வந்து உலர்ந்தபின் அதை இயக்குவதே பாதுகாப்பு.