ஆயிரம் காசை ஆயிரம் தடவையாக

யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன வழக்கம் உண்டு. பொழுது சாய்வதற்குள் ஓய்வுநாள் விளக்கை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் மறுநாள் இருட்டும்வரை காசைத் தொடக்கூடாது. அதனால் விளக்குக்குச் சற்று முன்னால் பிள்ளையின் கையில் ஒரு சில்லறையைக் கொடுப்பார்கள். பிள்ளை அதை வீட்டில் இருக்கும் உண்டியலில் போடும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் அந்த உண்டியலுக்குப் பெயர் 'புஷ்கே'. இரக்கம் என்றால் என்ன என்று பிரசங்கம் எதுவும் கிடையாது. காசைக் கொடுத்து, போடுன்னு சொல்றாங்க, அவ்வளவுதான்.

இதுக்குப் பின்னால் என்ன யோசனை இருக்குன்னு தேடிப் படிச்சேன். கிடைச்சதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல சொற்களைப் பார்த்துடுவோம். நல்ல காரியத்துக்கு யூதர்கள் சொல்லும் 'மிட்ஸ்வா' என்ற ஹீப்ரு சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கட்டளை'. உண்டியலில் போடும் காசு 'செடாக்கா'. நீதி என்று பொருள்படும் 'செடெக்' என்ற சொல்லோடு ஒரே வேர். அரபியில் 'சதக்கா'ன்னு கேட்டிருப்பீங்களே, அதுக்கும் இதுக்கும் உறவு உண்டு. நம்ம 'தருமம்' என்ற சொல்லும் அறத்தையும் பிச்சையையும் சேர்த்தே சுமக்குது. ஆக, கொடுப்பது மனசு இளகும்போது செய்கிற உபகாரம் இல்லை, தீர்க்க வேண்டிய கடன். லேவியராகமம் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது. சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது. அது ஏழைக்கும் அந்நியருக்கும் சேர வேண்டியது.

சரி, கட்டளைன்னு சொல்லிச் செய்ய வைத்தால் அது அன்பாகுமா? நிறையப் பேருக்கு இந்தக் கேள்வி வரும், எனக்கும் வந்தது. இதற்கு எனக்குப் பிடித்த பதிலைத் தந்தவர் மைமோனிடிஸ் (1138–1204). ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து, எகிப்தில் பழைய கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர், சட்ட அறிஞர். ஆயிரம் பொற்காசையும் ஒரே ஆளுக்கு ஒரே தடவையில் கொடுப்பதைவிட, ஒவ்வொன்றாக ஆயிரம் பேருக்குக் கொடுப்பது மேல் என்கிறார். ஒரே தடவையில் கொடுத்தால் கை ஒரு முறைதான் திறக்கிறது. ஆயிரம் தடவை கொடுத்தால் ஆயிரம் முறை திறக்கிறது. குணம் செய்யச் செய்யப் படிவது என்பது அவர் கணக்கு. அன்பு வந்த பிறகு கொடுக்கலாம்னு காத்திருக்க வேண்டாம், கொடுத்துக் கொடுத்துத்தான் அன்பு வரும்.

பிள்ளை கையில் சில்லறையைக் கொடுப்பதன் நியாயம் இங்கேதான் இருக்கு. யூதச் சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதும் பையனுக்கு 13 வயதும் ஆகும்வரை கட்டளைகள் கட்டாயம் இல்லை. ஆனால் அதற்கு முன்பே பழக்குவது பெரியவர்கள் கடமை. அதன் பெயர் 'ஹினுக்'. ஹனுக்கா பண்டிகையின் பெயரும் இதே வேர்தான்.

பூரிம் பண்டிகையன்று அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுறது பெரும்பாலும் பிள்ளைகள்தான். அன்றைக்கு ஏழைகள் இரண்டு பேருக்காவது கொடுத்தாக வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தர்மப் பணத்தில் வாழ்பவரும் தன் பங்குக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது தால்முத். அதனால் ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்கும் கையாக மட்டும் வளர்வதில்லை.

வாங்குபவரின் மானத்தையும் யோசித்திருக்கிறார்கள். எருசலேம் ஆலயத்தில் ஒரு ரகசிய அறை இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவர் யாரும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவார், நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் யாரும் பார்க்காமல் எடுத்துக்கொள்வார்கள். மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படியாக அடுக்கினார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கடனோ வேலையோ கொடுத்து, இனி கேட்கவே தேவையில்லாதபடி செய்வது முதல் படி. இதெல்லாம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் குவிந்து கிடந்த பழைய தாள்களில், ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்த பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி நாட்கள்.

இனி கொஞ்சம் சிக்கலான பகுதி. பழக்கம் கையில் ஏறிவிட்டால் அது வலுவான சக்தி. அந்த உண்டியலை யார் வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியமாகிவிடுகிறது. 1901 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய ஐந்தாவது சியோனிச மாநாடு, யூத தேசிய நிதியத்தை உருவாக்கியது. அதன் நீல உண்டியல் உலகெங்கும் யூத வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் போனது. அதே சில்லறை, அதே பிஞ்சுக் கை. பணம் போனது பாலஸ்தீனத்தில் நிலம் வாங்க. துரத்தலுக்கும் கலவரத்துக்கும் பயந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு அது புகலிடத்தின் நம்பிக்கை. ஆனால் 1920களில் ஜெஸ்ரேல் சமவெளியில், வெளியூர் நிலக்கிழார்களிடம் வாங்கிய நிலங்களிலிருந்து அதை உழுதுகொண்டிருந்த அரபுக் குத்தகைதாரர்கள் வெளியேற வேண்டிவந்தது. காசு போட்ட பிள்ளைக்கு அந்த முகங்கள் தெரிந்திருக்க வழியில்லை.

வேடிக்கை என்னன்னா, இதற்கான எச்சரிக்கையும் அந்த மரபுக்குள்ளேயே இருக்கு. தர்மப் பணத்தை வசூலிக்கக் குறைந்தது இரண்டு பேர், பகிர்ந்து கொடுக்க மூன்று பேர் வேண்டும் என்கிறது மிஷ்னா. பொறுப்பாளர் நம்பிக்கையானவர், விவேகமுள்ளவர் என்று தெரியாமல் உண்டியலில் போடாதே என்கிறார் மைமோனிடிஸ். கொடுக்கச் சொன்ன அதே மனுஷன்தான் கேட்டுக் கொடுன்னும் சொல்லியிருக்கார்.

பிள்ளைகளுக்கு இரக்கம் பழக்கும்போது நாம் பாதியிலேயே நின்றுவிடுகிறோம்னு எனக்குத் தோணுது. போடச் சொல்றோம், எங்கே போகுதுன்னு சொல்றதில்லை. உண்டியல் நிறைந்த அன்று அதைத் திறந்து, எண்ணி, இது யாருக்குப் போகணும்னு பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசலாம். ஆயிரம் தடவை திறந்த கைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.