யார் போட்ட ரோடு?

இன்று குமரி மாவட்டத்தில் ‘ஊழியம்’ என்றால் சபை வேலை. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் அந்தச் சொல்லுக்குக் கூலியில்லாத கட்டாய வேலை என்று அர்த்தம். ரோடு செப்பனிட, வாய்க்கால் வெட்ட, கோயிலுக்கும் அதிகாரிக்கும் சுமை தூக்கப் பறையரையும் புலையரையும் நாடாரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

1815இல் கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் ஊழியத்திலிருந்தும் விலக்குக் கொடுத்தார். மிச்சம் ஆறு நாள்? வேதத்துக்குப் போகாத நம்ம சனம்?

1855இல் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்தது. தெரு திறக்கவில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றி நடப்பதற்கே 1926இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல்தான்.

ராஜாக்கள் ரோடு போட்டதாகப் பாடப்புத்தகம் சொல்லுது. எந்த ராஜா மண் சுமந்தான்? சுமந்தவன் கால் படக்கூடாத ரோட்டுக்குப் ‘பொதுவழி’ என்று பேர் வைத்தது யார்?