சீரமைத்த உதட்டில் உணர்ச்சி எப்போது திரும்பும்?

புற்றுநோயாலோ விபத்தாலோ உதட்டின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு மருத்துவர்கள் அதைத் திரும்ப அமைத்துத் தர முடியும். தையல் பிரித்ததும் கண்ணாடியில் உதடு சரியாகத்தான் தெரியும். ஆனா காபி குடிச்சா சூடு தெரியாது. ஓரத்தில் வழிவதும் தெரியாது. ஏன்?

உதட்டை எப்படி அமைக்கிறார்கள்?

பக்கத்துத் திசுவை ரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பி வைப்பதே அடிப்படை உத்தி. இது இந்தியாவுக்குப் பழசு. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜி, திப்பு சுல்தானிடம் கைதியாகி மூக்கை இழந்தார். பிறகு புனே பகுதியில் நெற்றித் தோலைத் திருப்பி அவருக்கு மூக்கு அமைத்தார்கள். 1794இல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழ் இதை வெளியிட்டது.

ரத்தம் பாய்ந்தால் உணர்ச்சியும் வந்துவிடாதா?

வராது. அதற்கு நரம்பு வேண்டும். மேலுதட்டுக்குக் கண்ணுக்குக் கீழிருந்தும், கீழுதட்டுக்கு முகவாயிலிருந்தும் நரம்புகள் வருகின்றன.

1974இல் விவரிக்கப்பட்ட கரபாண்ட்ஜிச் முறையில் நரம்பை வெட்டாமலே மீதி உதட்டை நகர்த்தித் தைக்கிறார்கள். உணர்ச்சி பெரும்பாலும் தங்கும், வாய் சிறிதாகலாம். எதிர் உதட்டிலிருந்து துண்டெடுத்து வைக்கும் ஆபே முறையில் நரம்பு அறுபடுகிறது. முன்கைத் தோலை எடுத்து வைத்தாலும் அப்படித்தான். சில நேரம் அந்தத் தோலின் நரம்பை முகவாய் நரம்போடு இணைப்பார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். அதனால் இது மாதக்கணக்கு. ஒரு வருஷத்தையும் தாண்டலாம். ஆபே முறையில் பொதுவாக முதலில் வலி, அப்புறம் தொடுதல், அதன் பிறகே குளிரும் சூடும் தெரியவரும். நடுவில் எறும்பு ஊர்ற மாதிரி இருந்தால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் நரம்பு விழித்துக்கொள்ளும் அறிகுறி. முழுசா பழையபடி திரும்பாமலும் போகலாம்.

அதுவரை என்ன செய்யலாம்?

* சூடு கடைசியில்தான் தெரியும் என்பதால் காபியை ஆற்றி, விரலால் தொட்டுப் பார்த்துக் குடியுங்கள்.
* கண்ணாடி முன் சாப்பிட்டுப் பழகுங்கள், மெதுவாக மெல்லுங்கள். உதட்டைக் கடித்தால்கூடத் தெரியாது.
* திரும்பிய உணர்ச்சி மறுபடி மரத்துப்போனாலோ, கட்டியோ ஆறாத புண்ணோ வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அறுவை சிகிச்சை இனிமேல்தான் என்றால், "தழும்பு தெரியுமா?" என்பதோடு, "நரம்பைக் காப்பாற்ற முடியுமா, இல்லேன்னா இணைக்க முடியுமா?" என்றும் கேளுங்கள்.