பொழுதுபோக்கு ஊர்திகளின் கட்டுமானத் தரம்

பொழுதுபோக்கு ஊர்தி (சுருக்கமாக ஆர்.வி.) என்பது படுக்கை, சமையலிடம், கழிவறை முதலிய வீட்டு வசதிகளைக் கொண்ட ஊர்தி ஆகும். சொந்தப் பொறியால் ஓடும் மோட்டார் இல்லங்கள், பிக்கப் டிரக் போன்ற வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் இழுவை இல்லங்கள் என இவை இரு பெரும் வகைப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வூர்திகள் புதிதாக வாங்கும்போதே குறைகளுடன் வருகின்றன என்பது உரிமையாளர்களின் நெடுநாள் முறைப்பாடு ஆகும். இக்குறைகளின் காரணங்களையும், வாங்குவோர் எதிர்பார்க்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

உற்பத்தி

அமெரிக்க ஆர்.வி. தொழிலின் மையம் இந்தியானா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள எல்கார்ட் மாவட்டம் ஆகும். தோர், ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ ஆகிய மூன்று குழுமங்கள் சந்தையின் பெரும்பகுதியைக் கொண்டுள்ளன. தோர் குழுமம் 1980 இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் உருவானது. 2016 இல் ஜேகோ நிறுவனத்தையும் வாங்கியது. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனத்தின் உடைமையாக உள்ளது. எனவே வெவ்வேறு வணிகப் பெயர் கொண்ட ஊர்திகள் ஒரே குழுமத்தின் தயாரிப்புகளாக இருப்பது பொதுவானது.

மகிழுந்துத் தொழிற்சாலைகளைப் போலன்றி, இங்கு பெரும்பாலான வேலைகள் கைகளாலேயே செய்யப்படுகின்றன. பல ஆலைகளில் நாளொன்றுக்கு முடிக்கப்படும் ஊர்திகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே கூலி வழங்கப்படுவதால், வேகத்திற்கு முதலிடம் கிடைக்கின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் தேவை திடீரெனப் பெருகி, 2021 இல் 6 இலட்சத்திற்கும் சற்று மேற்பட்ட ஊர்திகள் ஆலைகளிலிருந்து அனுப்பப்பட்டன. 2023 இல் இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 3.13 இலட்சமாகக் குறைந்தது.

கட்டுமான முறைகள்

- மரச்சட்ட முறை: மரச்சட்டங்களின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு பொருத்தப்படும். விலை குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது. நீர் புகுந்தால் மரம் உளுத்துப்போகும்.
- அடுக்கு ஒட்டு முறை: அலுமினியச் சட்டம், நுரைப்பலகை, மெல்லிய ஒட்டுப்பலகை, கண்ணாடியிழைத் தகடு ஆகியன ஒன்றாக ஒட்டப்பட்டுச் சுவராகின்றன. எடை குறைவு. நீர் புகுந்தால் அடுக்குகள் பிரிந்து சுவர் குமிழியிடும். இதனைச் சீர்செய்வது மிகுந்த செலவு பிடிக்கும்.
- வார்ப்பு முறை: கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட இரு பெரும் ஓடுகள் இணைக்கப்படும். இணைப்புகள் குறைவாதலால் கசிவும் குறைவு. பெரும்பாலும் சிறிய இழுவை இல்லங்களே இம்முறையில் செய்யப்படுகின்றன.

குறைகளின் தன்மை

ஒரு வீட்டின் குழாய்களும் மின்கம்பிகளும் அலமாரிகளும் நெடுஞ்சாலை வேகத்தில் இடைவிடாது குலுக்கப்படுவதே ஆர்.வி.யின் அடிப்படைச் சிக்கல் ஆகும். இதனால் திருகுகள் தளர்வதும், கதவுகள் சரியாக மூடாமற்போவதும், குழாய் இணைப்புகள் ஒழுகுவதும் ஓரளவு எதிர்பார்க்கத்தக்கவையே.

நீர்க்கசிவு இவற்றிலிருந்து வேறானது. கூரையில் காற்றுப்போக்கி, குளிரூட்டி ஆகியவற்றுக்கென வெட்டப்படும் ஒவ்வொரு துளையும், பக்கவாட்டில் நீண்டு விரியும் அறையின் விளிம்பும் கசிவுக்கு இடமாகலாம். அங்கு பூசப்படும் அடைப்புப் பசை வெயிலில் வெடிக்கும் தன்மையது. ஆகவே தரமான ஊர்தியிலும் உரிமையாளர் சில மாதங்களுக்கொருமுறை கூரையைச் சோதித்துப் பசையைப் புதுப்பிக்க வேண்டும்.

சான்று முத்திரை

கதவருகே ஒட்டப்படும் ஆர்.வி. தொழிற்சங்கத்தின் முத்திரை, மின்சாரம், எரிவாயு, குழாயமைப்பு, தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கான தரநிலைகளைப் பின்பற்றுவதாகத் தயாரிப்பாளர் தரும் உறுதியைக் குறிக்கின்றது. வேலைப்பாட்டின் நேர்த்திக்கோ நீடித்த உழைப்புக்கோ அது சான்று அன்று.

பொருட்களின் தரம் உடல்நலத்தையும் பாதிக்கலாம். 2005 இல் கத்ரீனா புயலால் வீடிழந்தோருக்கு அரசு வழங்கிய இழுவை இல்லங்களில் பலருக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டன. அரசு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 இல்லங்களைச் சோதித்து, ஒட்டுப்பலகைப் பசைகளிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிகைடு வளிமம் சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு அளவில் இருந்ததென 2008 இல் அறிவித்தது. இது வழக்கமான வீடுகளில் காணப்படுவதைவிட அதிகமாகும். இவ்வளிமத்திற்கு வரம்பு விதிக்கும் சட்டம் 2010 இல் நிறைவேறியது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

- முழுத்தொகையைச் செலுத்துமுன் நீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றை இணைத்து எல்லாக் கருவிகளையும் இயக்கிப் பார்த்தல். விற்பனையாளரைச் சாராத ஆய்வாளர் ஒருவரை அமர்த்துவது நலம்.
- கூரை, மூலைகள், சன்னலோரங்களில் ஈரமானி கொண்டு சோதித்தல். மென்மையான தரையும் பூஞ்சை நாற்றமும் பழைய கசிவின் அறிகுறிகள்.
- சுமைத்திறன் குறித்த ஒட்டுச்சீட்டைப் படித்தல். 150 லிட்டர் நீர் மட்டுமே 150 கிலோகிராம் எடையுள்ளது. சில ஊர்திகளில் எஞ்சும் சுமைத்திறன் மிகக் குறைவு.
- சக்கரப்பட்டைகளின் தயாரிப்புத் தேதியையும் சுமை வரம்பையும் பார்த்தல்.
- கண்ட குறைகளை எழுத்தில் பதிந்து, அவை திருத்தப்பட்ட பின்னரே ஊர்தியை ஏற்றுக்கொள்ளல்.

உத்தரவாதமும் சட்டமும்

உடற்பகுதிக்குப் பொதுவாக ஓராண்டு உத்தரவாதம் தரப்படும். பொறி, அடிச்சட்டம், குளிர்பதனப் பெட்டி முதலியவற்றுக்கு அவற்றைச் செய்த நிறுவனங்களே தனித்தனியாகப் பொறுப்பேற்கின்றன. இதனால் ஒரே ஊர்தியின் பழுதுகளுக்குப் பல நிறுவனங்களை நாட வேண்டியிருக்கும். பழுதுபார்க்கும் நிலையத்தில் வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம்.

குறைபாடுள்ள மகிழுந்தைத் திரும்பப் பெறச் செய்யும் மாநிலச் சட்டங்கள், பல மாநிலங்களில் இழுவை இல்லங்களுக்கோ மோட்டார் இல்லத்தின் குடியிருப்புப் பகுதிக்கோ பொருந்துவதில்லை. அத்தகைய இடங்களில் 1975 ஆம் ஆண்டின் மாக்னசன்–மாஸ் நடுவண் உத்தரவாதச் சட்டம் பயன்படலாம். வாங்கியவர் எங்கு வாழ்ந்தாலும் இந்தியானாவிலேயே வழக்குத் தொடர வேண்டும் என்னும் விதியும் சில உத்தரவாதப் பத்திரங்களில் உண்டு. இக்காரணங்களால், கையெழுத்திடுமுன் செய்யும் ஆய்வே வாங்குவோருக்கு மிக வலுவான பாதுகாப்பாகும்.