நப்உ மரத்து வில்: அரபுத் தீபகற்பத்தில் வில்மரத் தேர்வு

மரவில் மண்ணுக்குள் நிலைப்பதில்லை. வளைகுடா நாடுகளின் வில்வரலாற்றை ஆராயப் புகுவோருக்கு முதல் இடையூறு இதுதான். துபாய்ப் பாலைவனத்துச் சாரூக் அல்-ஹதீத், ஷார்ஜாவின் மலீஹா ஆகிய அகழ்விடங்களில் அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை எய்த விற்கள் மட்கிப்போயின.

இதற்கு விதிவிலக்குப் போன்றது ஓமானில் ஆதம் நகரை ஒட்டிய முழ்மார் கிழக்கு. கியோம் ஜெர்னே தலைமையிலான பிரெஞ்சுக் குழு அங்கே கி.மு. 900–600 காலத்து வெண்கல விற்களையும், ஆறு ஆறு அம்புகள் கொண்ட இரண்டு தூணிகளையும் கண்டெடுத்தது. தண்டு தட்டையானது, இரு முனையும் வளைந்தது. நீளம் சராசரியாக 70 செ.மீ. நாணும் வெண்கலமே என்பதால் எய்வதற்கு ஆகாது. படையலுக்காகச் செய்தவையாக இருக்கலாம். அவற்றுக்கு மாதிரியாக இருந்த மரவில் எந்த மரத்தால் ஆனது என்பதற்கு வெண்கலத்தில் விடை இல்லை.

அதற்கு எழுத்துச் சான்றுகளிடம்தான் போக வேண்டும். அவை பெரும்பாலும் தீபகற்பத்தின் மேற்கு மலைகளை, இன்றைய சவூதி அரேபியாவின் ஹிஜாஸ், சராத் பகுதிகளைச் சார்ந்தவை. 895இல் மறைந்த அபூ ஹனீஃபா அல்-தீனவரி தம் தாவர நூலில் வில்லுக்கும் அம்புக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அரபு அகராதிகள் அவர் வழிநின்று நப்உ மரத்தை விவரிக்கின்றன: மஞ்சள் நிறம், கையில் எடுத்தால் கனம், பழசானால் சிவக்கும். மற்ற விற்களைவிட நப்உ வில் உயர்ந்தது என்பதற்கு அவை தரும் காரணம் முக்கியமானது. விறைப்பும் நெகிழ்வும் ஒரே மரத்தில் சேர்ந்திருப்பதுதான் அது. வெறும் கடினம் போதாது. வளைக்கும்போது வில்லின் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். இரண்டையும் தாங்கி மீண்டு நிமிராத மரம் எவ்வளவு வைரம் பாய்ந்ததாக இருந்தாலும் முறியும்.

நப்உ, ஷிர்யான், ஷவ்ஹத் மூன்றும் ஒரே மரம், விளையும் இடத்தால் பெயர் மாறுகிறது என்றார் 9ஆம் நூற்றாண்டின் மொழியறிஞர் அல்-முபர்ரத். மலையுச்சியில் நின்றால் நப்உ, சரிவில் ஷிர்யான், அடிவாரத்தில் ஷவ்ஹத். இதை மறுத்த அறிஞர்களும் உண்டு. தாவரவியலாக இது தவறாகவே இருக்கலாம். ஆனால் வில்லாளியின் தரப்பட்டியலாகப் படித்தால் பொருந்துகிறது. குளிரிலும் பாறையிலும் மெல்ல வளர்ந்த கிளைக்கு முதலிடம், நீர் கண்டு மளமளவென வளர்ந்ததற்குக் கடைசி இடம். நபிகள் நாயகத்தின் விற்களுள் மஞ்சள் நிறத்தது நப்உ, வெண்ணிறத்தது ஷவ்ஹத் என்று வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் குறித்திருப்பதால், இரண்டுமே புழக்கத்தில் இருந்தன என்பது தெளிவு.

பதப்படுத்தும் முறைக்குச் சிறந்த சான்று ஒரு கவிதை. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அல்-ஷம்மாக் ஒரு வில்லாளியின் வேலையைத் தொடக்கம் முதல் பின்தொடர்கிறார். அடர்ந்த புதருக்குள் மறைந்த கிளையைக் கண்டு, பச்சையும் காய்ந்ததுமான முட்செடிகளை வெட்டி வழிசெய்து, அதை அடைகிறான். வெட்டியதும் பட்டையை உரிக்கவில்லை. பட்டையின் ஈரத்தை மரமே குடிக்கட்டும் என்று ஈராண்டு விட்டுவைக்கிறான். பாலை வெயிலில் உரித்துப் போட்ட கனமரம் மேலே சட்டெனக் காயும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில் நெடுக வெடித்துவிடும். பட்டை அந்த அவசரத்தைத் தடுக்கிறது. பிறகுதான் திகாஃப் வேலை. அது ஒரு முழ நீளக் கட்டை, முனையில் துளை. தண்டைத் துளையில் நுழைத்து, கோணல் உள்ள இடத்தில் நெம்பி நிமிர்த்துவார்கள். அதற்கு முன் எண்ணெய் பூசி நெருப்பில் வாட்டுவது கட்டாயம். இத்தனை பாடுபட்ட வில்லைச் சந்தையில் விற்றுவிட்டு அவன் கண்கலங்குவதாகக் கவிதை சொல்கிறது. எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

அரபு மரவில்லில் முழுக் கிளையில் செய்தது கதீப், பிளந்த பாதியில் செய்தது ஃபில்க். கிளையைப் பிளக்கும்போது பிளவு நாரோட்டத்தோடு ஓடும் என்பதால் ஃபில்க்கில் வெட்டுப்பட்ட நார் குறைவு. 1500 வாக்கில் எழுதப்பட்டு, ஃபாரிஸ், எல்மர் இருவரும் 1945இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்வித்தை நூல் மூன்றாவது வகையையும் சொல்கிறது: வயிற்றில் வெள்ளாட்டுக் கொம்பு, முதுகில் தசைநார் ஒட்டியது. பாரசீக, துருக்கியப் படைகளின் வில்லும் இதே அமைப்புக் கொண்டதே. கொம்பும் நாரும் சுமையைப் பகிர்ந்துகொண்டதால் நடுவிலிருந்த மரத்தின் பொறுப்பு குறைந்தது. ஆனாலும் இவற்றைப் பிடித்துவைப்பது வஜ்ஜிரப் பசை. வளைகுடாக் கரையின் கோடைப் புழுக்கத்தில் வஜ்ஜிரம் இளகும் என்பதால், ஒட்டில்லாத மரவில் அங்கே நெடுங்காலம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தக் கரையின் மரம் என்றதும் காஃப் நினைவுக்கு வரலாம். அமீரகத்தின் தேசிய மரமான அது நம் வன்னிமரம்தான். பாண்டவர் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரம் என்பதால் விஜயதசமியன்று கோயில்களில் அம்பு போடும் சடங்கோடு அதற்கு உறவு உண்டு. வில்மரங்களின் அரபுப் பட்டியலிலோ நப்உ, ஷிர்யான், ஷவ்ஹத் மூன்றுக்குத்தான் முதன்மை.

துப்பாக்கி பரவியபின் வில்லாளிகள் அருகினர். மரத்தை அடையாளம் காட்டக்கூடியவர்களும் அவர்களோடு போனார்கள். நப்உ மரத்தை இன்று பெரும்பாலும் கிரூவியா பேரினத்தோடு பொருத்துகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சடச்சி எனப்படும் மரமும் அதே பேரினம். வட இந்தியாவில் தாமன் என்ற பெயரில் வில்லுக்கும் காவடித் தண்டுக்கும் கருவிப் பிடிக்கும் பயன்பட்டது.